காற்றுக்கு வாடகை இல்லை

கோவண்டியில் இறங்குகிறவர்களுக்குத் தண்ணீர் கண்ணில் படாது. ஹார்பர் ரயில் பிளாட்பாரத்தை விட்டு வெளியே வந்தால் ஷேர் ஆட்டோ, ஆட்டுச் சந்தை, லாரி, தூசு. தேவ்னார் குப்பைமேடு தெரியும். காற்றடிக்கும் திசையைப் பொறுத்து மூக்குக்கும் தெரியும். மான்கூர்டு தாண்டி ரயில் வாஷி பாலத்தில் ஏறி, ஜன்னலின் இருபுறமும் திடீரென்று தாணே கழி விரிந்த பிறகுதான், இத்தனை நேரம் கடலின் ஓரமாகவே வந்துகொண்டிருந்தோம் என்பது பயணிக்கு உறைக்கும்.

அந்தக் கழியில் பிற்பகல் தோறும் நல்ல காற்று வீசுகிறது. பிப்ரவரியிலிருந்து மே வரை, வெயில் ஏற ஏறக் கடலிலிருந்து கிளம்பும் காற்று மும்பை முழுவதையும் கடந்து கிழக்கே வருகிறது. கோவண்டிப் பிள்ளைகள் அதில் பட்டம் விடுகிறார்கள். உலகின் வேறு சில மூலைகளில் அதே காற்றை அதே வயதுப் பிள்ளைகள் கையில் பிடித்து, பலகை மேல் நின்று, தண்ணீருக்கு முக்கால் மீட்டர் உயரத்தில் பறக்கிறார்கள். அந்த விளையாட்டின் பெயர் விங் ஃபாயில்.

கடைக்கு வந்து ஏழெட்டு வருடம்தான் ஆகிறது. ஹவாய்த் தீவுகளில் சிலர் தொடர்ந்து பரிசோதித்து வந்த கருவி 2019 வாக்கில் பெரிய கம்பெனிகளின் விற்பனைப் பட்டியலில் ஏறியது. அதன் பாகங்கள் மூன்று. கையில் காற்றடைத்த ஒரு இறக்கை, காலடியில் குட்டையான ஒரு பலகை, பலகைக்கு அடியில் ஒரு தண்டு. தண்டின் முனையில், விமானத்தைக் குழந்தை பொம்மையாகச் செய்தது போல, முன்னால் ஒரு இறக்கை, பின்னால் ஒரு சிறு இறக்கை. கையில் இருக்கும் இறக்கை 4 முதல் 6 சதுர மீட்டர். தண்ணீருக்குள் இருப்பதோ ஒரு சாப்பாட்டுத் தட்டை நீட்டிவிட்டது போல அவ்வளவுதான். இத்தனை சிறியது ஒரு ஆளைத் தூக்குமா என்ற சந்தேகம் வருவது இயல்பு. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 800 மடங்கு அடர்த்தி. அதனால் நீருக்குள் ஓடும் இறக்கைக்கு விமானத்தின் அகலமும் வேண்டாம், வேகமும் வேண்டாம். பலகை நல்ல சைக்கிள் வேகத்தை எட்டினாலே மேலே எழும்பிவிடும்.

யோசனை புதிதல்ல. இத்தாலியரான என்ரிகோ ஃபோர்லானினி 1906இல் மாஜியோரே ஏரியில் இப்படி ஒரு படகை எழுப்பிக் காட்டினார். டெலிபோன் புகழ் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல், தன் கூட்டாளிகளோடு கனடாவில் கட்டிய படகு 1919இல் மணிக்கு 114 கி.மீ. வேகத்தில் ஓடி அந்தக் காலத்து உலக சாதனை படைத்தது. பிறகு ராணுவம், பயணிகள் கப்பல் என்று அந்த நுட்பம் எங்கெங்கோ போனது. 2013இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கோப்பைப் போட்டியில் 72 அடிப் பாய்க்கப்பல்கள் தண்ணீரை விட்டு எழும்பி மணிக்கு 80 கி.மீ. அளவுக்குப் பறந்தபோது உலகமே வாயைப் பிளந்தது. அந்த இரட்டை உடல் கப்பல்களுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்பதைத் தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோழமண்டலக் கரையில் மீனவர் நாலு கட்டையைக் கயிற்றால் கட்டி ஓட்டியதன் பெயர்தான். நம் கட்டுமரத்துக்கும் அந்தக் கோடீஸ்வரக் கப்பலுக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை அதிகம் இல்லை என்பது வேறு விஷயம்.

விங் ஃபாயில் கற்க ஏற்ற இடம் எது என்று கேட்டால், அனுபவசாலிகள் பெரும்பாலும் ஒரே மாதிரியான இடத்தைத்தான் காட்டுவார்கள். வெப்ப மண்டலத்தில், மணல் திட்டுக்குப் பின்னால், அலை புகாத, இடுப்பளவுத் தண்ணீர் உள்ள ஒரு நீர்ப்பரப்பு. தமிழ்நாட்டில் இதைக் காயல் என்றோ கழி என்றோ சொல்வார்கள். இலங்கைத் தமிழில் களப்பு. மட்டக்களப்பு என்ற ஊர்ப் பெயரிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. களப்பின் சௌகரியம் இரண்டு. விழுந்தால் எழுந்து நிற்கலாம். காற்று உண்டு, அலை இல்லை. புதிதாகக் கற்பவருக்கு இரண்டு எதிரிகளோடு ஒரே நேரத்தில் சண்டை போடும் தொல்லை கிடையாது.

தமிழ் பேசும் மண்ணில் இதற்குப் பெயர் பெற்ற இடம் கற்பிட்டி. கொழும்புக்கு வடக்கே சுமார் 160 கி.மீ., புத்தளம் களப்பைக் கடலிலிருந்து பிரிக்கும் ஒல்லியான நிலத்துண்டு. முனையில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் செப்டம்பர், அக்டோபர் வரை நிற்காமல் அடிக்கும். மீனவர் மொழியில் அது கச்சான். டிசம்பருக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடை. அது கொஞ்சம் சாது. கச்சான், வாடை, சோழகம், கொண்டல் என்று நாலு திசைக்கும் நாலு பெயர் வைத்த ஜனங்களின் ஊரில், இன்று ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் கைபேசியைப் பார்த்து, எத்தனை நாட், எந்த டிகிரி என்று கணக்கிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறார்கள். பக்கத்தில் இறால் வலையோடு நிற்பவருக்கு அந்தக் கணக்கு கன்னத்திலேயே தெரிந்திருக்கும்.

பாக் நீரிணையின் இந்தப் பக்கமும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்தில் பிரப்பன்வலசை, ராமேஸ்வரம் பகுதிகளில் சில வருடங்களாகக் காற்று விளையாட்டுகள் சொல்லித் தருகிறார்கள். அந்த நிலத்துண்டின் விசேஷம் இரண்டு கடல்கள். மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் அங்கே சொல்வது வழக்கம். ஒன்று கொந்தளிக்கும் மாதத்தில் மற்றது அடங்கியிருக்கும். மீனவருக்குப் பிழைப்பைக் கொடுத்த இந்த ஏற்பாடு, பலகைக்காரருக்கு வருடத்தில் பெரும்பகுதிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தைக் கொடுக்கிறது.

கற்பது எப்படி? முதல் நாள் தண்ணீரே கிடையாது. மணலில் நின்று இறக்கையைப் பிடிக்க வேண்டும். அதன் முன்விளிம்பில் உள்ள பிடியை மட்டும் பிடித்தால், இறக்கை கொடி போலப் படபடத்துக்கொண்டு சும்மா கிடக்கும். விசை இல்லை, ஆபத்தும் இல்லை. காற்றாடி போல நூலில் கட்டிய கைட் பலகைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். பயந்தால் ஒரு கையை விட்டுவிடலாம். இரண்டாவது கையையும் பிடியில் வைத்து இழுத்ததும் இறக்கை உயிர் பெறுகிறது. தோள் முன்னே போகிறது. இந்த இரண்டு நிலைகளுக்கு நடுவே போய் வந்து பழகவே பாதி நாள் போகும்.

அடுத்தது, அடியில் தண்டு இல்லாத பெரிய பலகை. முட்டிபோட்டு, பிறகு நின்று, காற்றுக்குக் குறுக்காகப் போய்த் திரும்ப வேண்டும். போவது எளிது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதில்தான் விஷயம் இருக்கிறது. பாய் விரித்தவன் எவனும் காற்று அடிக்கும் திசைக்கு நேர் எதிராகப் போக முடியாது. குறுக்கே குறுக்கே வெட்டி, இரண்டடி ஏறி, ஓரடி சறுக்கி மேலேற வேண்டும். பாய்மரத் தோணி ஓட்டிய பழைய ஆட்களுக்கு இது கைவந்த கலை. புதியவர் காற்றோடு தள்ளிப்போய், அரை கிலோமீட்டர் தள்ளிக் கரையேறி, பலகையைத் தலையில் சுமந்து நடந்து வருவார். எல்லாப் பள்ளிகளிலும் எல்லா மாணவரும் அந்த நடை நடந்திருக்கிறார்கள். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கும் நாளில் நடக்கவும் முடியாது, நேரே நடுக்கடல்தான். அதனால்தான் காற்றின் திசை தெரியாமல் இறங்கக் கூடாது என்பதை முதல் விதியாக வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது கட்டத்தில் தண்டு மாட்டிய பலகை வருகிறது. தலையில் ஹெல்மெட், மார்பில் மிதவைச் சட்டை, பலகையோடு காலை இணைக்கும் கயிறு. இதெல்லாம் அலங்காரம் அல்ல. தண்ணீருக்குள் இருக்கும் அந்த இறக்கையின் விளிம்பு தையல் போடும் அளவுக்கு வெட்டும். விழும்போது பலகையைத் தள்ளிவிட்டு விலகி விழ வேண்டும், கட்டிப்பிடிக்கக் கூடாது. கீழே ஒரு மீட்டருக்குக் குறையாமல் ஆழம் வேண்டும். தண்டு தரையில் குத்தினால் பலகை நிற்கும், ஆள் நிற்க மாட்டார்.

இனிமேல் நடப்பதுதான் இந்த விளையாட்டின் சாரம். வேகம் கூடுகிறது. பலகையின் அடியில் தண்ணீர் சலசலக்கும் சத்தம் திடீரென்று நின்றுபோகிறது. பலகை மேலே எழுந்துவிட்டது. அந்த நொடியில் கற்பவரின் உடல் தானாக ஒரு காரியம் செய்கிறது. பயந்து பின்னால் சாய்கிறது. மேட்டிலிருந்து தவறி விழப்போகும் எவரும் செய்வதுதான். ஆனால் பின்னால் சாய்ந்தால் பின்காலில் எடை விழும், முன்மூக்கு தூக்கும், பலகை இன்னும் உயரும். இன்னும் பயம், இன்னும் சாய்வு. கடைசியில் நீருக்குள் இருக்கும் இறக்கை மேற்பரப்பைக் கிழித்து வெளியே வருகிறது. தூக்கிப் பிடித்த விசை சட்டென்று காணாமல் போகிறது. பலகை கல் மாதிரி விழுகிறது, அதன் மேல் ஆள். பரிகாரம் எளிமையானது, கற்க மிகவும் கடினமானது: பயம் வரும்போது முன்னால் சாய வேண்டும். எந்தத் திசையில் விழுந்துவிடுவோம் என்று உடம்பு அலறுகிறதோ அந்தத் திசையில் எடையைக் கொடுக்க வேண்டும். இதை வாயால் சொன்னால் ஒரு நிமிடம். உடம்புக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆகலாம். மூளை ஒப்புக்கொண்ட பிறகும் முட்டி ஒப்புக்கொள்ளாது.

நன்றாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் பரதம் கற்றவர்களும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள் என்று சொல்ல ஆசையாக இருக்கும். அதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. சிறுவயதில் கற்றவர்கள் பெரியவர்களைவிடக் குறைவாகப் பயப்படுகிறார்கள் என்பது மட்டும் கண்கூடு. சிங்கப்பூருக்காக 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஃபார்முலா கைட் பிரிவில் வெண்கலம் வென்ற மேக்ஸ் மேடருக்கு அப்போது வயது 17. அதுவும் தண்ணீரிலிருந்து எழும்பிப் பறக்கும் பலகைதான். கையில் இறக்கைக்குப் பதில் காற்றாடி. இந்தோனேசியாவின் வாக்கடோபி தீவில் பெற்றோர் நடத்தும் விடுதியைச் சுற்றிய வெதுவெதுப்பான கடலில் வளர்ந்த பையன். வீட்டு வாசலில் களப்பு, கையில் கருவி, கற்றுத்தரப் பெற்றோர். மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவர் நல்ல உதாரணம்.

கோவண்டியின் கதை இதற்கு நேர்மாறு. இங்கே வாசலில் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது. அந்த வாசலுக்கும் இவர்கள் தாமாக வந்து சேரவில்லை.

கோவண்டி ஸ்டேஷனிலிருந்து ட்ராம்பே பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் சீத்தா கேம்ப் வரும். தமிழ் சகஜமாகக் காதில் விழும் இடம். இங்குள்ள குடும்பங்களில் பலருடைய முந்தைய முகவரி ஜனதா காலனி. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்டவர்களை பம்பாய் மாநகராட்சி அந்த நாளில் குடியமர்த்திய இடம் அது. பக்கத்தில் அணுசக்தி ஆராய்ச்சி நிலையம் வளர்ந்தது. அதற்கு அந்த நிலம் தேவைப்பட்டது. எமர்ஜென்சி காலத்தில், 1976 மே 17 அன்று, காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் கழியோரச் சதுப்பு நிலத்துக்கு மாற்றப்பட்டார்கள். அதுதான் சீத்தா கேம்ப்.

இடிப்பை எதிர்த்து நீதிமன்றத்திலும் தெருவிலும் வருடக்கணக்கில் போராடியவர் ஜாக்கின் அற்புதம். கோலார் தங்கவயல் தமிழர். 1963இல் பிழைப்புத் தேடி பம்பாய் வந்து ஜனதா காலனியில் தங்கியவர். காலனியில் குப்பை அள்ள யாரும் வராததைக் கண்டு, பிள்ளைகளைச் சேர்த்து, ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்ட வைத்தார் என்பது அவரே திரும்பத் திரும்பச் சொன்ன கதை. பிறகு தேசியக் குடிசைவாசிகள் சம்மேளனம், 2000இல் மகசேசே விருது, 2011இல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபரில் காலமானார். காலனியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் இடிக்கப்பட்டவர்களுக்கு மாற்று இடம் தராமல் யாரும் போய்விட முடியாது என்ற நிலையை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

கற்பிட்டியிலும் இதே மாதிரி ஒரு கதை இருக்கிறது என்பது பலகையோடு விமானம் ஏறுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்டவர்கள். கையில் எடுத்தது போக மற்றதெல்லாம் போயிற்று. பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு, களப்பை ஒட்டிய முகாம்களுக்கு. ஓலைக் கொட்டகைகள் வருடக்கணக்கில் நீடித்தன. பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தார்கள். அதே களப்பில் இன்று காற்று விளையாட்டுப் பள்ளிகள். உள்ளூர் இளைஞர்கள் சிலருக்கு அதில் வேலை கிடைத்திருக்கிறது. முதலில் பலகை தூக்குகிறவர், பிறகு படகோட்டி, பிறகு சொல்லித்தருகிறவர் என்று ஏறி வருகிறவர்களும் உண்டு. தீவுகளைச் சுற்றுலாவுக்குக் கொடுப்பதை எதிர்த்து மீனவர் குரல் கொடுத்ததும் அதே கற்பிட்டியில்தான். தண்ணீர் விளையாட்டு என்றாலே கிராமத்துக்கு நல்லது என்று யாராவது சொன்னால், கரையில் வலை காயப்போட இடம் மிஞ்சியதா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு மேலே பேசலாம்.

சரி, தாணே கழியில் விங் ஃபாயில் ஓட்ட முடியுமா? நேர்மையான பதில்: இன்றைக்கு முடியாது. முதல் தடை ஏற்றவற்றம். கற்பிட்டியில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது நாலு மீட்டரைத் தாண்டும். மராத்தியில் பரதி, ஓஹோட்டி. மும்பைத் தமிழர் வாயிலும் இந்தச் சொற்களே புழங்குகின்றன. ஓஹோட்டி வந்துவிட்டால் கழியின் விளிம்பில் கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு. முழங்கால் புதையும் சேற்றில் தண்டு மாட்டிய பலகையோடு இறங்குகிறவரை மீட்கத் தனியாக ஒரு குழு வேண்டும். மீதி இருப்பது பரதியின் உச்சத்தை ஒட்டிய சில மணி நேரம்தான். ட்ராம்பே கோலிவாடா மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் படகு எடுக்கிறார்கள்.

இரண்டாவது தடை தண்ணீரின் தரம். நகரத்தின் சாக்கடையும் எதிர்க்கரைத் தொழிற்பேட்டைகளின் கழிவும் வந்து சேரும் இடம் அது. 1927இலிருந்து குப்பை கொட்டப்படும் தேவ்னார் மேடு கழியை ஒட்டியே நிற்கிறது. 2016 ஜனவரியில் அந்த மேடு பற்றி எரிந்தபோது எழுந்த புகை விண்கோள் படங்களில் தெரிந்தது. காற்று இலவசம்தான், அது சுமந்து வருவதற்குத்தான் கோவண்டி விலை கொடுக்கிறது. மும்பையின் மனிதவள மேம்பாடு பற்றி 2009இல் வெளியான அறிக்கை நகரின் வார்டுகளை வரிசைப்படுத்தியபோது, கோவண்டி அடங்கிய எம் கிழக்கு வார்டு கடைசியில் இருந்தது.

மூன்றாவது காரணம் அழகானது. கழியின் ஒரு பகுதி, சுமார் 1,690 ஹெக்டேர், 2015இல் பூநாரைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலம் தொடங்கி மழைக்கு முன்பு வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூநாரைகள் இங்கே வந்து சேற்றை மேய்கின்றன. சாக்கடை வளர்த்த பாசிதான் அவற்றுக்கு விருந்து என்பது மும்பைக்கே உரிய முரண். பூநாரைக்குக் கிடைத்த அந்தஸ்து சீத்தா கேம்ப்வாசிகளுக்குக் கிடைக்கவில்லை என்று குறைப்படலாம். பறவைகள் மீது கோபித்துப் பிரயோஜனமில்லை. அவற்றின் நடுவே பலகையில் சீறிப்பாய்வது சட்டப்படியும் சரியல்ல, நாகரிகப்படியும் சரியல்ல.

கோவண்டியில் முடியாது என்றால் கோவண்டிக்காரருக்கு முடியாது என்று அர்த்தமா? இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. 2023இல் ஹாங்ஜோவில் நடந்த ஆசிய விளையாட்டில் பாய்மரப் போட்டிகளில் இந்தியாவுக்கு மூன்று பதக்கங்கள். வெள்ளி வென்ற 17 வயது நேஹா தாக்கூர், மத்தியப் பிரதேசம் தேவாஸ் மாவட்டத்து விவசாயி மகள். காற்றுப்பலகையில் வெண்கலம் வென்ற ஈபாத் அலியும் அதே மாநிலம். கடலே இல்லாத மாநிலம். இருவரும் உருவானது போபால் ஏரியில். மூன்றாமவர் விஷ்ணு சரவணன், வேலூர்க்காரர், ராணுவ வீரர். அவர் பயிற்சி பெற்றது மும்பையில், ராணுவத்தின் பாய்மரப் பயிற்சி மையத்தில். கோவண்டியிலிருந்து ரயிலில் ஒரு மணி நேர தூரம். ராணுவத்தில் சேராதவருக்கு அதைவிட வெகு தூரம். அதே தென்மும்பையில் 1846இல் தொடங்கிய ராயல் பாம்பே யாட் கிளப்பும் இருக்கிறது. கிளப் என்றால் என்ன, யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஹைதராபாத் உசேன் சாகரில் வேறொரு வழி கண்டிருக்கிறார்கள். அந்த ஏரியின் சுத்தமும் பிரசித்தம். ஆனாலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாய்மரம் சொல்லிக்கொடுத்து, தேசியப் போட்டிகளில் பதக்கம் வாங்க வைத்திருக்கிறார்கள். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் தன் குப்பத்துப் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். பீடி சிகரெட் கூடாது, குடி கூடாது, பலகை மட்டும்தான் என்பது அவர் போட்ட நிபந்தனை. இன்று இந்திய அலைச்சறுக்குப் போட்டிகளின் வெற்றியாளர் பட்டியலைப் பார்த்தால் தமிழ்நாட்டுக் குப்பங்களின் பெயர்களாக இருக்கிறது. இவற்றில் எங்கேயும் தண்ணீர் புதிதாக வந்துவிடவில்லை. பலகை வந்தது, சொல்லித்தர ஒருவர் வந்தார்.

விங் ஃபாயிலுக்கு அந்த வழி இன்னும் திறக்கவில்லை. தடை பணம். இறக்கை, பலகை, தண்டு எல்லாம் இறக்குமதி, விலை லட்சங்களில். அலைச்சறுக்குப் பலகையை நாலு பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளலாம், உடைந்தால் ஒட்டலாம். இறக்கையில் ஓட்டை விழுந்தால் தைக்கத் தனிக் கடை வேண்டும். பிற விளையாட்டுகளில் நடந்தது இங்கேயும் நடந்தால், அதாவது பணக்காரர் புது மாடல் வாங்கிப் பழையதைத் தள்ளிவிடத் தொடங்கினால், விலை இறங்கும். அதுவரை அரசின் விளையாட்டுத் துறையோ, லாபத்தில் ஒரு துளியை எங்கே செலவிடலாம் என்று யோசிக்கும் கம்பெனிகளோ கை கொடுத்தால்தான் உண்டு. தமிழ்நாட்டு அரசு ராமநாதபுரம் கடற்கரையை நீர் விளையாட்டுக்கு வளர்ப்பது பற்றிப் பேசுகிறது. பேசும்போது சுற்றுலாப் பயணியின் பர்ஸை மட்டும் பார்க்காமல், வலை இழுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பலகை ஒதுக்கினால் செலவு ஒன்றும் குடிமுழுகிப் போகாது. காற்றைப் பணியவைத்துக் கப்பலோட்டியவனின் வழிவந்தவன் என்று கரிகாலனை வெண்ணிக் குயத்தியார் பாடியது புறநானூற்றின் 66ஆம் பாட்டு. மேடை தோறும் அதை முழங்குகிறவர்களுக்கு இந்தச் செலவை நியாயப்படுத்துவது கஷ்டமாக இருக்காது.

கோவண்டிப் பையனுக்கோ பெண்ணுக்கோ இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எந்தப் பள்ளியிலும் பலகையைக் கையில் கொடுக்கும் முன் கேட்கும் கேள்வி, நீந்தத் தெரியுமா என்பது. கழியின் விளிம்பில் பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. மழைக்காலத்தில் நாலாவில் விழுந்து பிள்ளைகள் இறந்த செய்தி பேப்பரில் மூலையில் வரும். மாநகராட்சியின் நீச்சல் குளம் அடுத்த ஸ்டேஷனான செம்பூரில் இருக்கிறது. ஒலிம்பிக் அளவுக் குளம். ரயிலில் ஒரு நிறுத்தம். மாநகராட்சியின் பள்ளிகளில் தமிழ் உள்பட எட்டு மொழிகளில் பாடம் நடக்கிறது. அந்தப் பிள்ளைகளை வாரம் ஒரு நாள் அதே மாநகராட்சியின் குளத்துக்கு பஸ்ஸில் அழைத்துப் போவதற்கு மத்திய சர்க்கார் அனுமதியோ வெளிநாட்டு நிபுணரோ தேவையில்லை. ஒரு சுற்றறிக்கையும் இரண்டு பஸ்ஸும் போதும்.